கிளிப்பிள்ளையின் சாட்சியம்

எங்களுக்காக யாரும் பேச வேண்டாம், எங்கள் வலியை நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்று தொண்ணூறுகளில் தலித் எழுத்தாளர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அந்த வாக்குவாதங்களைப் படித்து வளர்ந்தவள் நான். நமக்காகப் பேச வந்தவர்கள் பேசிப் பேசித்தான் நம்ம வாயை அடைத்தார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நிலைப்பாடு பதில் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் பேசுகிற மாதிரி பேசாத ஒருத்தி, ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ளவள், பாலியல் வன்முறைக்கு ஆளானால் அவளுக்காக யார் பேசுவது? யாரும் பேசக் கூடாது என்றால் செய்தவன் தப்பித்துவிடுவான். நானே பேசிவிடுகிறேன் என்றால் அவளுக்கு நான் பண்ணையார்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. வளர்ந்த பெண், ஆட்டிசம் உள்ளவள். அம்மா கூலிக்குப் போகிறவர். கேட்ட கேள்வியின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லுவாள். தனக்குப் பசித்தால் 'உனக்குப் பசிக்குதா' என்பாள். அம்மா அவளிடம் அப்படித்தானே கேட்கிறார். ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்: "தொட்டானா, தொடலையா?" அவள் சொன்னாள்: "தொடலையா." அவர் 'தொடவில்லை என்கிறார்' என்று எழுதப் போனார். அம்மா பதறிப்போய், "சார், அது கடைசி வார்த்தையத்தான் சொல்லும், மாத்திக் கேளுங்க" என்றார். மாத்திக் கேட்டார். "தொட்டானா" என்றாள். ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். "கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுதும்மா. இதை வெச்சு நான் என்னத்த எழுத?"

அவர் சொன்னதில் பாதி சரி. அந்தக் கேள்விக்கு வந்த இரண்டுமே பதில் இல்லை. ஆனால் கிளிப்பிள்ளை கேட்டதைத்தானே சொல்லும்? நாலைந்து நாளாக ராத்திரியில் அவள் ஒரு ஆம்பளைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சத்தம் போடாத. அம்மாகிட்ட சொல்லாத. கெட்டிக்காரப் புள்ள." அந்த வீட்டில் அவளை யாரும் கெட்டிக்காரப் புள்ள என்று கூப்பிட்டதில்லை. இது மட்டுமே தீர்ப்புக்குப் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. விசாரணை தொடங்க வேண்டிய இடம் அது. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

நான் தமிழ் எம்.ஏ. நன்னூலை மனப்பாடம் பண்ணிப் பாஸானவள். தன்மையில் சொல்ல வேண்டியதை வேறு இடத்தில் வைத்துச் சொன்னால் இடவழு. தகுந்த காரணம் இருந்தால் வழுவமைதி என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. விடை எட்டு வகை என்கிறது. நேரடியாகச் சொல்வது அதில் மூன்றுதான். மிச்ச ஐந்தும் குறிப்பாகச் சொல்கிற விடைகள். 'அந்தப் பக்கம் போறியா?' என்று கேட்டால் சில நேரம் இந்தப் பெண் 'வயிறு வலிக்கும்' என்கிறாள். இதற்கு உறுவது கூறல் என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மார்க் வாங்குகிற பதில். பரீட்சைத்தாளில் விடையாக இருப்பது ஸ்டேஷனில் உளறலாகிவிடுகிறது. அரசுப் படிவங்களில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பெயர். புற உலகம் தன்மேல் விழுந்து அமுக்கியதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சிந்தனையற்று உட்கார்ந்திருந்தது யார்?

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2013 திருத்தத்தின்படி மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரை அவள் வீட்டுக்கோ அவளுக்கு வசதியான இடத்துக்கோ போய், மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புப் பயிற்றுநர் முன்னிலையில் பதிய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். அப்படி மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலமே முதல் விசாரணைக்கு ஈடு. கோர்ட்டில் குறுக்கு விசாரணை மட்டும்தான். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டங்களிலும் இது தொடர்கிறது. அந்த ஸ்டேஷனில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. நகல் எடுத்துக்கொண்டு மறுபடி போன பிறகுதான் சிறப்புப் பயிற்றுநர் வந்தார். முதல் நாள் அந்த அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கு நடக்கிறது, இதற்குமேல் சொல்வது முறையில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பதையும் பேச வேண்டும். 1994இல் மகாராஷ்டிராவில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலருக்குப் பூனா அரசு மருத்துவமனையில் கருப்பையை எடுத்தார்கள். மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். கருப்பை போனால் கர்ப்பம் உண்டாகாது. வன்முறை நின்றுவிடுமா? வெளியே தெரியாது, அவ்வளவுதான். 2009இல் சண்டிகர் வழக்கு. அரசு இல்லத்திலேயே வன்புணர்ச்சிக்கு ஆளாகிக் கர்ப்பமான, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண். உயர் நீதிமன்றம் கருவைக் கலைக்கச் சொன்னது. அவளோ பிள்ளை வேண்டும் என்றாள். அவள் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தன் உடம்பைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டும் என்று செய்தவனுக்கும் தோன்றவில்லை, நல்லது செய்ய வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. இந்த இரண்டாவது கூட்டத்தில் நாமும் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

சேரியில் இதன் பாரம் இரட்டிப்பு. 2011இல் ஆந்திராவில் பார்வையற்ற தலித் பெண் ஒருவர், தன்னைச் சிதைத்தவனைக் குரலை வைத்து அடையாளம் சொன்னார். 2021இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மாற்றுத்திறனாளி என்பதாலேயே ஒருவர் சாட்சியம் மட்டமாகிவிடாது என்றது. அதே தீர்ப்பில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியான தண்டனை ரத்தானது. சாதி காரணமாகச் செய்தான் என்று நிரூபிக்கவில்லையாம். 2016 முதல், பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்திருந்தாலே போதும் என்று சட்டம் மாறியிருக்கிறது. இந்தச் சம்பவம் அதற்கு முந்தியது. சாதியா, ஊனமா என்று கோர்ட்டு பிரித்துக் கேட்கிறது. இப்படிச் செய்கிறவன் பிரிப்பதில்லை. சேரிப் பொண்ணு, சொல்லத் தெரியாது, சொன்னாலும் நம்ப மாட்டாங்க என்று ஒரே கணக்காகத்தான் போடுகிறான்.

ஆகவே, அவளுக்காக யார் பேசுவது என்ற கேள்விக்கு என் பதில்: அவளேதான். அவள் பேசுவதைக் கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும், அவள் இடத்தில் உட்காரக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. இதுவா அதுவா என்று கேட்காதீர்கள். பதில் வரும்வரை காத்திருங்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தி நல்ல தமிழாக்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனையில் தொடுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். கையைத் தட்டிவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆர்ப்பாட்ட மேடையில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

தோழர்களே, உங்கள் பக்கத்து வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். யார் என்று இப்பவே விசாரித்து, போன் நம்பரை வாங்கி வையுங்கள். நமக்குப் பிரிவு எண்கள் தெரியும், கோஷம் போடத் தெரியும். அவர்களுக்குக் கேட்கத் தெரியும். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.