கொள்ளுப்பாட்டியின் பெயர்

வம்சம் என்றதும் நம் வீடுகளில் ஆண்களின் பெயர்கள்தான் வரிசையாக வரும். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அதற்கும் மேலே குலதெய்வம். அந்த வரிசையில் ஒவ்வொரு ஆணுக்கும் பக்கத்தில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். அவள் பெயர் என்ன என்று கேட்டால் பல வீடுகளில் பதில் கிடைப்பதில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துப் பொத்தேரியில் இதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நெல்லும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் கல்லூரியாகவும் விடுதிகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிவிட்டன. ஒரு துண்டு நிலம் கைமாற வேண்டுமென்றாலும் பட்டா யார் பேரில் இருக்கிறது, அவருக்கு யார் யார் வாரிசு என்று தாளில் காட்டியாக வேண்டும். அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் வம்சாவளி எழுதியபோது நானும் உடனிருந்தேன். நான்கு தலைமுறை ஆண்களின் பெயர்கள் மளமளவென்று வந்தன. “பெரியவரோட சம்சாரம் பேரு?” என்று பத்திரம் எழுதுபவர் கேட்டார். “காயரம்பேட்டு ஆயான்னுதான் கூப்புடுவோம்” என்றார் வீட்டுக்கு மூத்தவர். அதற்கு மேல் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைப் பெற்று, ஏரித்தண்ணீர் பாய்ந்த அதே நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவள் அவள். பிறந்த ஊரின் பெயர்தான் அவளுக்கு மிஞ்சியது.

கனடாவின் கியூபெக் பகுதியில் வாழும் பிரெஞ்சு வம்சத்தவர்களுக்கு இந்தக் குறை இவ்வளவு இல்லை. 1663 முதல் 1673 வரை, பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயியின் செலவில் சுமார் 800 இளம்பெண்கள் அங்கே குடியேறக் கப்பலேறினார்கள். அரசரின் புதல்வியர் என்று அவர்களுக்குப் பெயர். இன்றைய பிரெஞ்சுக் கனடியர்களில் பெரும்பாலோருக்கு அவர்களில் ஒருத்தியாவது மூதாட்டி. திருமணம் நடத்திய பாதிரியார் தேவாலயப் பதிவேட்டில் மணமகளின் பிறந்த பெயரை எழுதினார். அவளுடைய தாய் தந்தையரின் பெயர்களையும் சொந்த ஊரையும் சேர்த்து எழுதினார். இறந்தபோதும் அவள் பிறந்த பெயராலேயே பதிவானாள். அதனால்தான் இன்று மாண்ட்ரியலில் இருக்கும் ஒரு பெண், அம்மா, அம்மாவின் அம்மா என்று ஏறிப்போய் 350 ஆண்டுகளுக்கு முந்தைய ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

நம்மிடம் பதிவேடே இல்லாமல் போகவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர்கள். செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் போனார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போக வேண்டும் என்று பிற்பாடு விதி இருந்தது. கப்பல் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு. அவள் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரை கட்டம் கட்டமாக எழுதினார்கள். இதேபோல் ஒப்பந்தக் கூலிகள் போன மொரீஷியசில், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவரும் பதிவேடுகளில் பலருடைய புகைப்படங்களும் உள்ளன.

இதெல்லாம் அன்பினால் எழுதிய கணக்கு இல்லை. ஓடிப்போனால் பிடிக்கவும், எத்தனை ஆள் வேலைக்கு வந்தது என்று தோட்ட முதலாளிக்குக் காட்டவும் எழுதியது. ஆனாலும் அந்தக் கணக்கின் வழியாக, டர்பனில் இருக்கும் ஒரு பேத்தி தன் பாட்டியின் பாட்டி பெயரையும் அவள் காலில் இருந்த தழும்பையும் தெரிந்துகொள்ள முடிகிறது. கப்பலேறாமல் ஊரிலேயே வாழ்ந்து, சொந்த பந்தம் சூழக் கண்மூடிய அவளுடைய தங்கையின் பெயர் நம்மிடம் இல்லை. அடிமைக்கு நிகராக நடத்தியவனின் ஏடு வைத்திருந்த பெயரைப் பாசமுள்ள குடும்பம் தொலைத்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

காரணம் மறதி மட்டும் இல்லை. பெண்ணைப் பெயர் சொல்லாமல் இருப்பதை நாம் மரியாதை என்று பழகிவிட்டோம். இன்னாரின் மகள், இன்னாரின் சம்சாரம், இன்னாரின் தாயார் என்றே ஒருத்தியின் ஆயுசு முடிந்துவிடும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, தன் பெயரைச் சொல்லாமல் மகள் என்றும் மனைவி என்றும் மட்டுமே பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டியதாயிற்று. வட மாநிலங்களில்தான் இது மிகுதி என்றாலும், அந்தப் பழக்கம் நமக்கு அந்நியமில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். ஐந்து தலைமுறை மேலே போனால் நமக்கு 32 முன்னோர். அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டிய குடும்பங்களில் எண்ணிக்கை கொஞ்சம் குறையும். அந்த 32 பேரில் தகப்பன் வழி வரிசை காட்டுவது ஒரே ஒருவரை. அந்த ஒருவரை வைத்துக்கொண்டுதான் குலப்பெருமை பேசுகிறோம், மேடையில் மார்தட்டுகிறோம்.

சட்டம் நம்மை முந்திக்கொண்டது. 1989 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை உண்டு. அதனால் அத்தைமார்களின் பெயர்கள் இப்போது வாரிசுச் சான்றிதழில் ஏறுகின்றன. பாகத்துக்காக எழுதும் பெயரைப் பாசத்துக்காகவும் எழுதலாமே. வீட்டில் மூத்தவள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: உங்கம்மா பேரு என்ன, அவங்கம்மா பேரு என்ன, எந்த ஊரிலிருந்து வந்தாங்க, கூடப் பிறந்தவங்க யார் யார்? சொல்லச் சொல்ல எழுதி, பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். அந்தப் பெயர்களில் ஒன்றை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைத்தாலும் நல்லதே. வம்சாவளித் தாளில் ஆயாவின் இடம் காலியாக இருக்கும்வரை, அதில் கையெழுத்துப் போடும் நம்மில் யாருடைய வம்சமும் முழுமையானது என்று சொல்ல எனக்கு வாய் வராது.