வானூர்தியும் வாய்மையும்

மனிதன் நிலத்தில் நடந்தான், நீரில் நீந்தினான், வானில் பறப்பதற்கு மட்டும் பல்லாயிரம் ஆண்டுகள் ஏங்கி நின்றான். அந்த ஏக்கம் எந்த ஒரு நாட்டாருக்கும் தனியுரிமையானதன்று. நம் புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் தம் கடமையை ஆற்றி முடித்தபின் பாகன் செலுத்தாத விண்ணூர்தியைப் பெறுவர் என்று சோழன் நலங்கிள்ளிக்கு எடுத்துரைத்தார். சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர், சச்சந்த மன்னன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்துத் தன் தேவி விசயையை அதில் ஏற்றிக் காத்த செய்தியைப் பாடினார். இவை கவிஞர் கண்ட கனவுகள். கனவு என்பதனால் இவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. ஆயின் கனவை வரலாறு என்று சொல்லலாமா? முன்னோர்பால் கொண்ட அன்பினால் சான்றில்லாத பெருமையை அவர்கள்மீது ஏற்றி உரைப்பது அறமாகுமா?

மும்பையில் வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று. நாம் மாலைக் காற்று வாங்கச் செல்லும் சௌபாத்திக் கடற்கரையைப் பற்றியே ஒரு கதை வழங்கி வருகிறது. 1895ஆம் ஆண்டில் சிவ்கர் பாபுஜி தல்பதே என்னும் மும்பைவாசி, பழைய வடமொழி நூல்களின் துணைகொண்டு ஓர் ஊர்தி சமைத்து, ஆளின்றி அதனை அங்கே வானில் ஏற்றினார் என்பதே அக்கதை. ரைட் சகோதரர்களுக்கு எட்டாண்டுகள் முன்னரே இந்தியர் பறந்துவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். 2015ஆம் ஆண்டு இதனையொட்டி இந்தித் திரைப்படமும் வந்தது. அதே ஆண்டு மும்பைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், பண்டை இந்திய விமானவியல் பற்றி ஒரு கட்டுரையும் படிக்கப்பெற்றது.

சான்று யாது? ஊர்தி பறந்ததைக் காட்டும் நிழற்படம் இல்லை, வரைபடம் இல்லை, ஐயமற ஏற்கத்தக்க அக்காலப் பதிவும் கிடைக்கவில்லை. இக்கதையோடு சேர்த்துப் பேசப்படும் ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் நூலைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் ஐவர் 1974இல் ஆராய்ந்தனர். அந்நூல் 1904க்கு முற்பட்டதன்று என்றும், அதிற்கண்ட ஊர்திகள் பறக்கும் இயல்புடையன அல்ல என்றும் முடிவுரைத்தனர். அந்நூலைச் சொல்லியவரான சுப்பராய சாஸ்திரியாரின் வழிகாட்டுதலில் தல்பதே செய்த மாதிரிகள் பறக்கவில்லை என்பதையும் அவர்கள் குறித்துள்ளனர்.

“இருக்கட்டுமே, இதனால் என்ன தீங்கு?” என்று கேட்பாரின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அடிமைப்பட்ட மக்களைப் பார்த்து, உங்களுக்கென்று அறிவும் இல்லை, வரலாறும் இல்லை என்று ஆண்டவர்கள் சொன்னார்கள். தாழ்த்தப்பட்டவன் தலை நிமிர ஒரு பெருமை வேண்டும். பெருமை மருந்தாகப் பயன்படும் காலமும் உண்டு. எனினும், போலி மருந்து நோயைத் தீர்ப்பதில்லை; நோய் தீர்ந்ததென்ற மயக்கத்தையே தரும்.

ரைட் சகோதரர்களின் வரலாற்றை நோக்குவோம். அவர்கள் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். 1901இல் தாங்கள் செய்த மிதவை ஊர்தி எதிர்பார்த்தபடி எழும்பாதபோது, முன்னோர் தந்த கணக்குகளையே ஐயுற்றனர். ஒரு பெட்டியில் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ இருநூறு சிறகு வடிவங்களைச் சோதித்தனர். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களின் முதற் பறத்தல் 12 விநாடி, 120 அடி. அன்றைய நான்காம் பறத்தல் 59 விநாடி, 852 அடி. ஐவர் கண்டனர், நிழற்படம் எடுக்கப்பெற்றது. 120 அடியை 1,000 அடி என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த அடக்கமான எண்ணிலேதான் அவர்களின் பெருமை நிற்கிறது.

பொய்ப்பெருமை நம் நாட்டிற்கே உரிய குறை என்றும் எண்ணவேண்டா. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம், தன் தலைவராயிருந்த லாங்லியின் ஊர்தியே மனிதனைச் சுமந்து பறக்கவல்ல முதல் ஊர்தி என்று நெடுங்காலம் சாதித்தது. 1903இல் இருமுறை ஆற்றில் வீழ்ந்த ஊர்தி அது! மனம் நொந்த ஆர்வில் ரைட், தம் ஊர்தியை 1928இல் இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிட்டார். 1942இல் அந்நிறுவனம் தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1948இல் ஊர்தி தாயகம் மீண்டது. தவற்றை ஒப்பியதால் அந்நிறுவனத்தின் மதிப்பு குன்றிற்றா? உண்மையான செல்வம் வீடு வந்து சேர்ந்ததன்றோ!

பொய்ப்பெருமையின் முதல் தீங்கு, மெய்ப்பெருமையை அது மறைத்துவிடுவது. நம் சென்னையில் 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு வானூர்தி பல்லாவரத்தில் பறந்தது. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர் அதனை வடிவமைத்தார். சிம்ப்சன் நிறுவனத்தின் பட்டறை அதனை உருவாக்கித் தந்தது. அக்காலத்து இதழ்களே இதற்குச் சான்று. மரம் இழைத்தும் இரும்பு காய்ச்சியும் அதற்கு உருக்கொடுத்த பட்டறைக் கைகளுள் தமிழ்க் கைகள் பல இருந்திருக்கும் என்று கருதுவது மிகையாகாது. அக்கைகளுக்குரியோரின் பெயர்களைத் தேட நாம் முயன்றோமா? சான்றுள்ளதை மறந்தோம், சான்றில்லாததை முழங்குகிறோம்.

இரண்டாம் தீங்கு தல்பதேக்கே இழைக்கப்படுவது. அயலார் ஆட்சியில், பொருளும் துணையும் அரிதாயிருந்த காலத்தில், ஒருவர் பறக்கும் கருவியைச் செய்ய முனைந்தார் என்பதே போற்றத்தக்கது. முயன்று தோற்றவருக்கும் வரலாற்றில் இடம் உண்டு. 1896இல் வீழ்ந்து உயிர்நீத்த ஜெர்மானியர் லிலியென்தாலை உலகம் இன்றும் வணங்குகிறது. தல்பதேயை வெற்றியாளராக்கப் புகுந்து அவரைக் கட்டுக்கதையாக்கிவிட்டோம்.

மூன்றாம் தீங்கு நம் இல்லங்களைப் பற்றியது. இந்நகரில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசுகின்றனர். தமிழின் சிறப்பைப் பெற்றோர் வாய்ச்சொல்லாலேயே பெரிதும் அறிகின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் விமானம் ஓட்டினான் என்று நாம் சொன்னால், பிள்ளை அதனை ஒருநாள் சோதித்துப் பார்க்கும். அது பொய்யென்று கண்டபின், கரிகாலன் கல்லணையையும் தஞ்சைப் பெருங்கோயிலையும் நாம் சொல்லும்போது நம்புமா? ஒரு பொய்ப்பெருமை நூறு மெய்ப்பெருமைகளையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். யார் சொன்னார் என்று பாராது உண்மையை நாடச் சொன்ன வள்ளுவரின் வழிவந்தோர், தம் பிள்ளைகளிடம் அதற்கு மாறாக நடக்கலாமா?

மெய்யான பெருமைக்கு இந்நகரில் பஞ்சமில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலைச் சுமந்து ஜுஹுவில் வந்திறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதனைச் சென்னைக்குக் கொண்டுசென்றார். மும்பைக்கும் தமிழகத்திற்கும் இடையே வானில் ஒரு வழி பிறந்தது. அதே 1932இல்தான் மாதுங்காவில் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியும் தோன்றியது. தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்த நெல்லைச் சீமையாரும், மாதுங்காவில் எழுத்தராய் வாழ்ந்தோரும், செம்பூரில் மனை அமைத்தோரும் விமானம் ஏறி வந்தவர்கள் அல்லர். புகைவண்டியில் நெருக்குண்டு வந்தவர்கள். அவர்கள் ஈட்டியதை உள்ளபடியே சொன்னால் போதும். ஒரு சொல்லும் கூட்டவேண்டுவதில்லை.

சாத்தனார் சொன்ன வரிசையை நினைவிற் கொள்வோம். கடமை முதலில், விண்ணூர்தி பின்னர். கனவு கண்ட கவிஞருக்குக் கவிஞர் என்ற சிறப்பையும், முயன்றவருக்கு முயற்சியின் சிறப்பையும், பறந்தவருக்குப் பறந்த சிறப்பையும் அவரவர்க்கு உரியபடி அளிப்பதே வாய்மை. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், நாளை அவர்கள் செய்யும் ஊர்தி உண்மையாகவே பறக்கும்.