படப் பரிசோதனையின் அறம்

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. முதலிய படப் பரிசோதனைகளுக்கு யாரை அனுப்புவது, அவரை எப்படித் தயார்படுத்துவது என்பவற்றை வைத்தியப் பாடநூல்கள் நடைமுறை விதிகளாகவே சொல்லிச் செல்கின்றன. அந்த விதிகளுக்கு அடியில் இரண்டு பழைய தத்துவக் கேள்விகள் இருக்கின்றன. ஓர் அறிவைத் தேடுவது எப்போது நியாயமாகிறது? அந்த அறிவுக்காக இன்னொருவரின் உடலிடமும் வாழ்விடமும் எவ்வளவு கேட்கலாம்? நுவரெலியா மாவட்டத்தின் அக்கரப்பத்தனையில் இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. டயகமவிலோ டொரிங்டனிலோ தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கும் ஒரு கொழுந்துத் தொழிலாளிக்கு ஒரு ஸ்கேன் என்பது ஒரு நாள் பேர் (அன்றைய கூலி) இழப்பு. ஹோல்புரூக், லிந்துலை, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கோ அதையும் தாண்டிக் கண்டிக்கோ ஒரு மலைப் பயணம்.

முதற் கேள்விக்கு இந்தியத் தருக்க மரபு நேரடியான விடை வைத்திருக்கிறது. கௌதமரின் நியாய சூத்திரம் ஆராயத் தக்க பதினாறு பொருள்களை வரிசைப்படுத்துகிறது. அறிவுக் கருவியும் அறியப்படும் பொருளும் முதல் இரண்டு. மூன்றாவது ஐயம், நான்காவது பயன். அதற்கு உரை செய்த வாத்ஸ்யாயனர் ஐயத்தின் இடத்தை விளக்குகிறார்: ஒன்றுமே தெரியாத பொருளிலும் ஆராய்ச்சிக்கு வேலை இல்லை, முடிவாகிவிட்ட பொருளிலும் வேலை இல்லை, ஐயப்பட்ட பொருளில்தான் வேலை. படப் பரிசோதனைக்கு ஆளைத் தெரிவு செய்யும் விதி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. நோயாளியிடம் எதையும் விசாரிக்காமல், வயிற்றைத் தொட்டும் பார்க்காமல் எழுதப்படும் பரிசோதனைத் துண்டு முதல் வகை. எலும்பு முறிந்ததை நேற்றைய படமே காட்டிவிட்டபோது இன்றும் ஒரு படம் எடுப்பது இரண்டாம் வகை. இந்த இரண்டுக்கும் நடுவே, “பித்தப்பையில் கல்லா, இரைப்பைப் புண்ணா?” என்று குறிப்பாக எழும் ஐயமே பரிசோதனையைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஐயம் மட்டும் போதாது, பயனும் வேண்டும். கல் என்று தெரிந்தால் செய்யப்போவது ஒன்று, இல்லை என்றால் செய்யப்போவது வேறொன்று என்றால்தான் படத்துக்குப் பொருள் உண்டு. விடை எதுவானாலும் சிகிச்சை மாறாது என்ற நிலையில் அந்தப் பரிசோதனை நோயாளிக்கு உரியதல்ல.

ஐயத்தின் அளவு படத்தின் நம்பகத்தையே மாற்றிவிடுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நோயுள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டும், நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். நோய் நூற்றில் ஒருவருக்கு மட்டுமே இருக்கக்கூடிய 1,000 பேரை அதற்கு அனுப்பினால், உண்மையான நோயாளிகள் 10 பேரில் 9 பேர் அகப்படுவார்கள். கூடவே நோயில்லாத 99 பேருக்கும் நோய் என்று முடிவு வரும். ‘நோய்’ என்று சொல்லப்பட்ட 108 பேரில் 9 பேரே உண்மையில் நோயாளிகள். இருவரில் ஒருவருக்கு நோய் இருக்கலாம் என்று வைத்தியர் விசாரித்துத் தேர்ந்த 1,000 பேரை அனுப்பினால், அதே யந்திரம் ‘நோய்’ என்று காட்டும் 500 பேரில் 450 பேர் உண்மையான நோயாளிகள். யந்திரம் மாறவில்லை, அனுப்பியவரின் கவனம் மாறியது. நாடி, தொடுகை, நாக்கு, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்ற சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வும், நவீன வைத்தியத்தின் விசாரிப்பும் தொட்டுப் பார்த்தலும் இந்தக் கவனத்தைத்தான் வளர்க்கின்றன. தோட்டத்து டிஸ்பென்சரியில் செலவிடும் பத்து நிமிடம், தூரத்து நகரத்து யந்திரத்தின் சொல்லுக்கு வலுச் சேர்க்கிறது.

தேவையில்லாத படத்தால் என்ன தீங்கு என்று கேட்பவர்கள் உண்டு. தென் கொரியாவின் அனுபவம் அதற்குப் பதில். அங்கே 1999க்குப் பின் புற்றுநோய்த் தடுப்புப் பரிசோதனைத் திட்டம் பரவியபோது, நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களின் கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது வழக்கமாயிற்று. 2011 அளவில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோர் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கானது; அந்நோயால் இறந்தோர் விகிதம் மாறவே இல்லை. வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காகப் பல்லாயிரம் பேர் தைராய்டை இழந்து, ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்குபவர்களானார்கள். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது. ஐயமே இல்லாத இடத்தில் தேடியதுதான் அந்தத் தீங்கை விளைத்தது.

எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் கதிர்வீச்சு என்ற தனித் தீங்கும் உண்டு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுகிறார். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே இதில் சில நாட்களின் அளவே. வயிற்று சி.டி. சில ஆண்டுகளின் அளவு. கருவிலிருக்கும் குழந்தைக்கு எக்ஸ்ரே படுவதற்கும் பிற்காலத்துக் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என்பதை ஒக்ஸ்போர்டில் அலிஸ் ஸ்டுவார்ட் 1950களில் வெளியிட்டார். தாய்மாரை நேரில் விசாரித்துத் திரட்டிய அந்த முடிவை வைத்திய உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் பிடித்தன. சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு வகுத்த கொள்கைகளில் முதலாவது, எந்தக் கதிர்வீச்சும் தீங்கை விடக் கூடுதலான நன்மையைத் தந்தாலன்றி நியாயமாகாது என்பது. இலங்கையில் கதிர்வீச்சுப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதற்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் உள்ளது. ஆனால் சட்டத்தால் துண்டு எழுதும் கைக்கு அருகில் வந்து நிற்க முடியாது. அந்த இடத்தில் இருப்பது எழுதுபவரின் மனச்சாட்சி மட்டுமே.

தயார்படுத்தல் இரண்டாம் கேள்வியைச் சேர்ந்தது. சைவ சித்தாந்தத்தின் அளவையியல் இதற்கு உதவுகிறது. அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவுக் கருவிகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. காண்டலிலும் ஐயக் காட்சியையும் திரிபுக் காட்சியையும் குற்றம் என்று விலக்குகிறது. ஸ்கேன் திரையில் தெரிவது நேர்க் காட்சி போலத் தோன்றினாலும், எதிரொலிகளிலிருந்து யந்திரம் கட்டிய உருவத்தைக் கொண்டு வைத்தியர் செய்யும் கருதலே அது. குடலில் வாயு நிறைந்திருந்தால் அந்தக் கருதல் திரிகிறது. சாப்பிட்டவுடன் பித்தப்பை சுருங்கிவிடுவதால் அதனுள் இருக்கும் கல் மறைகிறது. அதனால்தான் மேல்வயிற்று ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு கேட்கப்படுகிறது. அடிவயிற்று ஸ்கேனுக்கு நீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒலி அதனூடாகச் சென்றுதான் கருப்பையைத் தெளிவாகக் காட்டும். தயார்படுத்தல் என்பது திரிபை நீக்கும் வேலை. அந்த வேலையின் பாரம் பெரும்பாலும் நோயாளியின் உடல்மேல்தான் விழுகிறது என்பதை மறப்பது எளிது.

டயகமவிலிருந்து விடியுமுன் புறப்படும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். நிறைந்த நீர்ப்பையோடு வரச் சொல்லப்பட்டதால் வீட்டிலேயே ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு, வளைவுக்கு வளைவு குலுங்கும் பஸ்ஸில் மணிக்கணக்கில் அவர் அடக்கிக்கொண்டு வர வேண்டும். வந்து சேர்ந்த பின்னும் வரிசை. தண்ணீரை வைத்தியசாலைக்கு வந்தபின் குடித்தால் போதும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த வேதனை நேர்ந்திருக்காது. வெறும் வயிறு என்பதிலும் இதே கதைதான். காலைச் சாயத்தண்ணியைத் தோட்டத்தில் யாரும் உணவாகக் கணக்கிடுவதில்லை. சீனி போட்டதா, பால் சேர்த்ததா, குடிக்கலாமா என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் ஒருவர் குடித்துவிட்டு வருவார், இன்னொருவர் பச்சைத் தண்ணீரையும் தவிர்த்து மயங்குவார். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவரை வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் அனுப்புவது ஆபத்து. ஊசி மருந்தின் அளவைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டும், அன்றைய வரிசையில் முதலிடத்தையும் அவருக்குத் தர வேண்டும். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செய்யும்படி வைத்தியனுக்குச் சொல்கிறது. நோயாளியின் அளவு என்பதில் அவர் வந்த தூரமும் இழந்த பேரும் சேரும் என்று கொள்வதே சரி.

மருத்துவ நோன்பும் விரதமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் நன்மையும் குழப்பமும் சேர்ந்தே வருகின்றன. கந்தசஷ்டியும் வெள்ளிக்கிழமை விரதமும் பழகிய உடலுக்குப் பசி புதிதல்ல. ஆனால் விரதத்தில் பாலும் பழமும் ஆகலாம், ஸ்கேனுக்கு ஆகாது. விரதத்தைக் குறிப்பாகக் கேட்டு, இது வேறு வகை என்று விளக்கினால் நோயாளி உடனே புரிந்துகொள்கிறார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊரைவிட்டுப் போவதில்லை. அந்த நாட்களில் திகதி கொடுத்துவிட்டு, வரவில்லை என்று பெயரை வெட்டுவது அநியாயம். அவசரமற்ற ஸ்கேனைத் திருவிழாவுக்குப் பின் தள்ளுவதில் நோய்க்கு எந்த இழப்பும் இல்லை. அவசரமென்றால் அதைக் கோயில் பூசாரியும் குடும்பமும் கேட்கும்படி சொல்ல வேண்டும். உயிருக்காக விலக்குத் தரும் வழி மரபிலேயே உண்டு.

தாலியைக் கழற்றும் கேள்வி இவற்றைவிடக் கூர்மையானது. கணவன் உயிரோடிருக்கக் கழுத்தை வெறுமையாக்குவது பல பெண்களுக்குத் தாங்க முடியாத அச்சம். இங்கே வைத்தியசாலைகள் எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே கட்டளையைப் பிறப்பிப்பது தவறு. வயிற்று அல்ட்ராசவுண்டுக்குத் தாலியைத் தொடவே தேவையில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் அது நேராக நுரையீரல்மேல் நிழலாக விழும். மேலே தூக்கிப் படப் பரப்புக்கு வெளியே வைத்தால் போதுமா என்று பார்க்கலாம், போதாவிட்டால் கழற்றலாம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் எந்த உலோகமும் போகக்கூடாது, அதில் இரக்கத்துக்கு இடமில்லை. சனி தோஷத்துக்காக அணிந்த இரும்பு மோதிரம் காந்தத்தால் இழுக்கப்படும். தாயத்துக் குழலும் அரைஞாணில் கோத்த உலோகமும் படத்தைக் கெடுக்கலாம், சூடேறலாம். அப்போது கழற்றும் முன் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ள நேரம் கொடுப்பதும், தாலியை வீட்டிலிருந்து வந்த உறவினர் கையில் ஒப்படைக்க வைப்பதும் பரிசோதனைக்கு இரண்டு நிமிடமே கூட்டும். கட்டாயம் இருக்கும் இடத்தில் மட்டும் கழற்றச் சொல்லும் வைத்தியசாலையின் சொல்லைத்தான் நோயாளி நம்புவார்.

கருவுற்றிருக்கிறாரா என்ற கேள்வியும் இப்படியே. வரிசையில் மாமியாரும் அண்டை லயத்தவரும் நிற்க, கடைசி மாதவிடாய் எப்போது என்று உரக்கக் கேட்டால் மணமாகாத பெண் உண்மையைச் சொல்லமாட்டார். கேள்வி கேட்கப்பட்டது என்று படிவத்தில் பதிவாகும், கரு காக்கப்படாது. கதவை மூடித் தனியே, அவரது மொழியில் கேட்பது கதிர்வீச்சுப் பாதுகாப்பின் ஒரு பகுதி.

மொழி இங்கே தனிக் கவனத்துக்குரியது. 1987இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுபவர்கள். அப்படியிருந்தும் தயார்நிலைக் குறிப்பு நோயாளிக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் கையில் தரப்பட்டால் அது குறிப்பே அல்ல. சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி.க்கு முன் சிறுநீரகம் எப்படி, முன்பு ஒவ்வாமை வந்ததா, மெட்போர்மின் எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். இவற்றுக்குத் தலையாட்டல் விடையாகாது. புரியாத இடத்தில் வாங்கிய கையொப்பத்தைச் சம்மதம் என்று எந்த அறநூலும் ஏற்காது.

வரிசையில் யார் முந்துவது என்பது நீதிக் கேள்வி. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் பரிசோதனை இலவசம். காத்திருக்க முடியாதவர் தனியாரிடம் பணம் கட்டிப் போகலாம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் 1,000 ரூபாயானது. அத்தகைய சம்பளத்தில் அந்த வழி பெயரளவில் மட்டுமே திறந்திருக்கிறது. ஆகவே அரச வரிசையில் ஒரு தேவையற்ற துண்டு போகும்போதெல்லாம், பணம் கட்ட இயலாத ஒருவரின் தேவையான பரிசோதனை ஒரு நாள் பிந்துகிறது. முன்பே சொன்ன ஐயமும் பயனும் தனி நோயாளியின் நலனோடு முடிவதில்லை. தூரத்திலிருந்து வருபவருக்குப் பகல் நேரத்தையும், ஒரே வருகையில் இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் சேர்த்து முடிக்கும் ஏற்பாட்டையும் கொடுப்பது சலுகையல்ல. சமமான சேவை அந்த மலைப்பாதையில் எடுக்கும் உருவம் அது.

தயார்படுத்தலில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது முடிவுக்குத் தயார்படுத்துவது. படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் வலி பொய் என்று நோயாளியும் சில வேளை தோட்ட மேற்பார்வையாளரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். படம், கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. கல் இல்லை என்பதற்கு நோய் இல்லை என்று பொருளில்லை. இதை அனுப்பும் முன்பே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை உறைக்குள் மடிந்து லயத்துப் பெட்டியில் தங்கிவிடாமல் இருக்க, அதை யாரிடம், எந்த நாளில் கொண்டுவந்து காட்டுவது என்பதும் அதே துண்டில் எழுதப்பட வேண்டும்.