மேயரின் சட்டமும் தொழிலாளரின் மானமும்

நகரத்தின் சட்டத்தைக் காக்கக் கடமைப்பட்ட மேயர், அந்நகரின் குப்பையை வாருவோரது சங்கத்தை மதிக்கவும் கடமைப்பட்டவரா? 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் எழுந்த வினா இது. பிப்ரவரி 1-ஆம் தேதி, மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்புறத்தில் புகுந்த தொழிலாளர் இருவர், அதன் அழுத்தும் பொறி திடீரென இயங்கியதால் நசுங்கி மாண்டனர். 12-ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினர்; அவர்கள் கறுப்பின மக்கள்.

மேயர் ஹென்றி லோப் கூறியதென்ன? நகர ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம், சங்கத்துக்கு அங்கீகாரமில்லை, சம்பளத்தில் சந்தா பிடித்துக் கொடுப்பதுமில்லை என்பதே. இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. தெருவில் குப்பை அழுகினால் முதலில் நோயுறுபவன் மேயரல்லன், ஏழைக் குடித்தனக்காரனே. ஆயின், அத்துணை இன்றியமையாத வேலையைச் செய்வோனுக்கு மழைக்கு ஒதுங்கவும் இடமளியாத நகரம், எந்த வாயால் பொதுநலம் பேசுகிறது?

தொழிலாளர் ஏந்திய அட்டைகளில் உலகம் கண்டது கூலிக்கணக்கன்று. 'நான் ஒரு மனிதன்' என்னும் சொற்களையே. மேயரோ அதையும் வரவுசெலவு விவகாரமாகவே கண்டார். அங்கேதான் அவர் தவறினார் என்போம்.

அவர்களுக்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ஆம் தேதி அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 16-ஆம் தேதி நகரசபை சங்கத்தை அங்கீகரித்தது; சம்பளத்திலிருந்து சந்தா செல்லவும் வழி வகுக்கப்பட்டது. பிப்ரவரியில் ஆகாதென்றது ஏப்ரலில் ஆயிற்று.