கலைஞனும் சீவனோபாயமும்

கலைஞனாகப் பிறந்தவன் பட்டினி கிடந்தாயினும் கலையையே கட்டிக்கொண்டு மாள வேண்டும் என்றொரு கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. வயிற்றுப்பாட்டிற்காக உத்தியோகமொன்றை ஏற்றவனை இலட்சியத்தைக் கைவிட்டவன் என்று இகழவும் நாம் தயங்குவதில்லை. இக்கருத்து நியாயமானதுதானா? பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்திலே வாழ்ந்த நிலக்காட்சி ஓவியர் மைன்டேட் ஹொபெமாவின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1638 இல் அம்ஸ்ரடாம் நகரிற் பிறந்த ஹொபெமா, இளமையில் அநாதை விடுதியில் வாழ நேர்ந்தவர். பின்னர், அக்காலத்துத் தலைசிறந்த நிலக்காட்சி ஓவியரான யாக்கொப் வன் ருயிஸ்டாலிடம் பயின்றார். நீராலைகளையும் மரச்சோலைகளையும் அவற்றினூடே வளைந்து செல்லும் பாதைகளையும் வரைந்து தமக்கென ஒரு பாணியை வகுத்துக்கொண்டார். 1668 இல், நகரத் தலைவர் ஒருவரின் வீட்டுச் சமையற்கூடத்திற் பணிபுரிந்த பெண்ணை மணந்தார். அதே ஆண்டில் நகரத்தின் தீர்வைப் பகுதியில் அவருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. பிறநாடுகளிலிருந்து வந்திறங்கும் மதுப் பீப்பாய்களை அளந்து கணக்கிடுவதே அவ்வேலை. அப்போது அவருக்கு வயது 30. அதன்பின் தூரிகையை அவர் அரிதாகவே தொட்டார்.

இதனைக் கண்டு அவரது கலைப்பற்றை ஐயுறுவோர், அன்றைய ஓவியர்களின் நிலையையும் நோக்க வேண்டும். ஒல்லாந்திலே திருச்சபையின் ஆதரவு ஓவியருக்கு இருக்கவில்லை. மன்னர் சபையின் ஆதரவும் சொற்பமே. ஓவியம் சந்தைப் பண்டமாகிவிட்டது. ஜான் ஸ்ரீன் மதுவடிசாலையொன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். றெம்பிரான்ட் 1656 இல் கடனாளியாகிச் சொத்தை இழந்தார். 1672 இல் பிரெஞ்சுப் படையெடுப்பு நிகழ்ந்தபோது ஓவியச் சந்தையே சரிந்தது. இத்தனைக்கும் அம்ஸ்ரடாம் வறிய நகரமன்று. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, நமது தீவின் கறுவாவில் இலாபம் ஈட்டிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை நிலையம் அங்கேயே இருந்தது. செல்வம் குவிந்த அந்நகரிலேதான் ஓவியன் பீப்பாய் அளக்க நேர்ந்தது.

ஆயினும் 1689 இல் அவர் மீண்டும் தூரிகை ஏந்தி 'மிடல்ஹார்னிஸ் சாலை' என்னும் ஓவியத்தைப் படைத்தார். இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் இது, அவரது படைப்புகளுட் சிகரமெனப் போற்றப்படுகிறது. பரந்த வானத்தின் கீழ் நேரான மண்சாலை. இருமருங்கும் நெடிய மெலிந்த மரங்கள். நாயுடன் நடந்துவரும் ஒருவன். வலப்புறத்திலே இன்னொருவன் தன் நாற்றுத் தோட்டத்திற் செடிகளைப் பேணிக்கொண்டு நிற்கிறான். இது காட்டிலே தானாக விளைந்த அழகன்று. கடலுக்கு அணைகட்டி மீட்ட நிலத்தில், மனிதர் நட்டு வளர்த்த அழகு.

இவ்வோவியத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, உத்தியோகம் கலையைக் கொல்லவில்லை" என்று சிலர் கூறக்கூடும். அது வறுமைக்கு வக்காலத்து வாங்குவதாகும். இருபதாண்டு உத்தியோகத்தின் நடுவே இத்தகைய ஓவியத்தைத் தரவல்லவர், ஓய்வும் ஆதரவும் பெற்றிருப்பின் எத்தனை தந்திருப்பார்? வரையப்படாத ஓவியங்களை எந்தக் கலைக்கூடமும் காட்சிக்கு வைப்பதில்லை. எனவே அவ்விழப்பு நம் கண்ணிற் படுவதில்லை. அவ்வுத்தியோகமேனும் அவரைக் காத்ததா? அதுவுமில்லை. 1709 இல் இறந்த ஹொபெமா வறியோருக்குரிய புதைகுழியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆகவே, "கலைஞன் ஏன் வேலைக்குப் போனான்?" என்ற வினா தவறான இடத்தில் எழுப்பப்படுவது. மனைவி மக்களைப் பட்டினி போடாதிருப்பதும் ஓர் அறமே. உழைப்பவன் தன் ஆற்றல் முழுவதையும் பிழைப்பிற்கே செலவிட்டுத் தீரவேண்டியதாக அமைந்த சமுதாயத்தை நோக்கியே அவ்வினா எழுப்பப்பட வேண்டும். பகலெல்லாம் வகுப்பறையில் நின்றுவிட்டு, இரவிலே விளக்கடியில் எழுத அமரும் நம் ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர். அவர்களிடம் தியாகத்தைக் கோருமுன், ஓய்வை அவர்களது உரிமையாக்க நாம் என்ன செய்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.