அழைத்து வந்தவர்கள்



அர்ச். மாற்கு சுவிசேஷம் 7-ம் அதிகாரத்தில், நம் ஆண்டவர் தெக்கப்போலி நாட்டில் ஒரு செவிடனைக் குணமாக்கிய வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு நாவும் திருத்தமாகப் பேசாது. ஆண்டவர் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே கூட்டிப் போனதும், காதில் விரலிட்டதும், நாவைத் தொட்டதும், வானத்தை நோக்கிப் பெருமூச்சு விட்டதும் நமக்கு ஞாபகமிருக்கிறது. ஞானஸ்நானத்தில் குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொடுகிற எப்பேத்தா சடங்கு அதிலிருந்து வந்ததே. ஆனால் அவனை அங்கே கொண்டுவந்தவர்கள் யார்? பெயர் இல்லை, ஊரும் இல்லை. காது கேளாதவன் ஆண்டவர் வந்திருக்கிற செய்தியை எப்படி அறிவான்? அறிந்தாலும் எந்த வாயால் வேண்டிக்கொள்வான்? அவர்களே அவனுக்குக் காதாகவும் வாயாகவும் இருந்தார்கள்.

இந்தச் சுவிசேஷத்தை வாசிக்கும்போது எனக்குப் பிலிப்பைன் தீவுகளிலுள்ள நாகா பட்டணம் நினைவுக்கு வரும். லூசோன் தீவின் தென்கிழக்கில், பிக்கோல் ஆற்றங்கரையிலுள்ள பட்டணம் அது. செப்டம்பர் மாதத்தில் பெனாபிரான்சியா தேவமாதாவின் சுரூபத்தை ஆற்றிலே படகில் பவனியாகக் கொண்டுவருவார்கள். 1982-ம் வருஷம் அமெரிக்காவிலிருந்து ஒரு வைத்தியக் குழு அங்கே வந்தது. வில்லியம் மகீ என்னும் டாக்டரும் அவர் மனைவி காத்லீன் அம்மையாரும் அதில் இருந்தார்கள். பிளவுபட்ட உதட்டையும் அண்ணத்தையும் காசு வாங்காமல் தைத்துச் சீராக்குவதே அவர்கள் நோக்கம். சுமார் 300 குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து நின்றன. சிகிச்சை செய்ய முடிந்ததோ ஏறக்குறைய 40 பேருக்கு! மற்றவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். அப்படித் திரும்பிய ஒரு தாய், ஒரு கூடை வாழைப்பழத்தைக் கொடுத்து, முயற்சி செய்ததற்காக நன்றி சொன்னாள் என்று மகீ அம்மையார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுபடியும் வருவோம் என்று வாக்குக் கொடுத்துப் போனார்கள், வந்தார்கள். 'ஆப்பரேஷன் ஸ்மைல்' என்னும் தர்ம ஸ்தாபனம் அதிலிருந்தே உண்டாயிற்று.

டாக்டரின் கையை எல்லாரும் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட குழு எந்தத் தேசத்துக்குப் போனாலும், அவ்வூர் ஜனங்களில் சிலர் கூலி வாங்காமல் கூட நிற்காவிட்டால் அந்தக் கை வேலை செய்யாது. டாக்டர் பேசுவது ஆங்கிலம். தென்னந்தோப்பிலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்த தாய் பேசுவது பிக்கோல் பாஷை. நடுவில் ஒருவர் வேண்டாமா?

ஒரு காரியம் பாருங்கள். பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் வயிறு காலியாக இருக்க வேண்டும். கெட்டியான ஆகாரமானால் ஆறு மணி நேரம், தாய்ப்பாலானால் நாலு மணி நேரம் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மயக்கத்தில் வாந்தி மேலெழும்பி நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும். பசித்து அழுகிற பிள்ளைக்கு ஒளித்து ஒரு வாய் ஊட்டுகிறவள் கெட்ட தாயல்ல. அவளுக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. (1953 வரையில் நம் முன்னோர் நடுச்சாமம் முதல் தண்ணீர்கூடக் குடியாமல் நன்மை வாங்கினார்கள். உபவாசத்தின் அருமை நமக்குத் தெரியும். அழுகிற குழந்தைக்குத் தெரியுமா?) இரவெல்லாம் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பாஷையில் பேசி, பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற பெண் கத்தியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை உயிரோடு கண்விழிப்பதில் அவளுக்குப் பங்கு உண்டு.

இன்னொன்றும் உண்டு. கர்ப்பமாயிருக்கையில் தாய் விழுந்ததால் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று பிலிப்பைன் நாட்டில் பலர் சொல்வார்கள். நம் நாட்டிலோ கிரகணத்தின்மேல் பழி. அதுவும் கடைசியில் வெளியே வந்து நின்ற தாயின் தலையில்தான் விழுகிறது. உண்மை என்ன? கருவின் உதடு 4-ம் வாரத்துக்கும் 7-ம் வாரத்துக்கும் நடுவிலும், அண்ணம் 6-ம் வாரத்துக்கும் 9-ம் வாரத்துக்கும் நடுவிலும் கூடி ஒன்றாகிறது. கிரகணத்தால் அது பிளப்பதில்லை. "அம்மா, இது உன் குற்றமல்ல" என்று அந்தத் தாயிடம் அவள் பாஷையிலேயே சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்தப் பாரத்தை எந்த ரண சிகிச்சையாலும் எடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் கடினமான வேலை, இல்லை என்று சொல்வது. உதட்டுச் சிகிச்சைக்குப் பத்து வாரம் வயது, பத்து இராத்தல் எடை, இரத்தத்தின் அளவும் பத்து என்று டாக்டர்கள் நெடுநாளாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எடை குறைந்தாலும், அன்று காய்ச்சல் இருமல் கண்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணம் பிளந்த பிள்ளையால் சரியாகப் பால் சப்ப முடியாது, ஆகையால் மெலிந்தே போகும். மெலிந்ததால் சிகிச்சையும் தள்ளிப்போகும். டாக்டர் தலையை அசைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்ப்பார். தாயின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவன் உள்ளூர்க்காரன். நாளைக்குச் சந்தையில் அவளை மறுபடியும் சந்திக்கப் போகிறவனும் அவனே.

இங்கேதான் சோதனையும் வரும். மச்சான் பிள்ளையை வரிசையில் முன்னே தள்ளலாம். கோவிலுக்கு வராதவன் பிள்ளையைப் பின்னே நிறுத்தலாம். இது சின்னக் காரியம் என்று நினைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய காரியம் என்பேன். சுவிசேஷத்தில் அந்தச் செவிடனைக் கொண்டுவந்தவர்களுக்கு அவன் என்ன உறவு என்று எழுதியிருக்கவில்லை.

டாக்டர்கள் ஊர் திரும்பிய பிறகும் வேலை முடிவதில்லை. தையல் ஆறும் வரையில் பிள்ளை வாயில் கையை வைக்காமல் பார்க்க வேண்டும், மிருதுவான ஆகாரம் கொடுக்க வேண்டும். அண்ணம் மூடிய பிள்ளை உடனே தெளிவாகப் பேசிவிடாது. மூக்கால் பேசிப் பழகின பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுக்க யாராவது வேண்டும். இதையெல்லாம் படம் பிடிக்க ஒருவரும் வருவதில்லை.

இந்த வாரம் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, சிகிச்சை கிடைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிற தாய்மாருக்காகவும், அந்தச் செய்தியை அவர்களிடம் சொல்ல வேண்டியவர்களுக்காகவும் ஒரு பிரியதத்த மந்திரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குரு