நிலநடுக்கமும் நீதியும்

பேரிடர் ஒன்று நேர்ந்தவிடத்து, 'இஃது எவ்வாறு நிகழ்ந்தது?' என்னும் வினாவினும் 'இஃது ஏன் நமக்கு நிகழ்ந்தது?' என்னும் வினாவே மனித உள்ளத்தில் முந்தி எழுகின்றது. முன்னையது அறிவியலுக்குரியது, பின்னையது அறத்துக்குரியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கொள்ளுதல் நம் மரபிற் புதிதன்று. இந்திரவிழா எடுக்க மறந்தமையாற் புகார் நகரைக் கடல் கொண்டதென்பது மணிமேகலை காட்டும் செய்தி. வடமராட்சி கிழக்கைச் சேர்ந்த என் அம்மம்மாவும் அவ்வழியே சிந்திப்பவர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் தம் தங்கையையும் தங்கையின் பேரக்குழந்தையையும் கடலுக்குப் பறிகொடுத்தவர். "நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள்?" என்பது இன்றளவும் அவர் கேட்டு வரும் கேள்வி.

முதற்கண் நிகழ்ந்ததை நோக்குவோம். புவியின் வன்மையான மேற்பகுதி பல தகடுகளாகப் பிரிந்து கிடக்கின்றது. அவற்றின் கீழுள்ள இடையோடு பாறையேயாயினும், கடும் வெப்பத்தினால் நெடுங்கால அளவில் மிக மெல்ல ஒழுகவல்லது. அதன் வேகம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர். நம் நகம் வளரும் வேகம் என்னலாம். ஆற்றிலே தெப்பம் செல்வதுபோல இவ்வொழுக்கின்மேல் தகடுகள் சுமந்து செல்லப்படுகின்றன என்றே முன்னர்ப் பலரும் கருதினர். இக்கால அறிஞர் பெரிதும் வற்புறுத்துவது பிறிதொன்று. கடலடித் தகடு வயதேற ஏறக் குளிர்ந்து அடர்த்தி மிகுகின்றது. அயற்றகட்டின் கீழே அமிழ்கின்றது. அமிழ்ந்த பகுதி தன் பாரத்தினாலேயே எஞ்சிய தகட்டையும் இழுக்கின்றது. கிணற்றினுள் நழுவிய துலாக்கயிறு, கட்டின்மேற் கிடக்கும் மீதிக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குவதை நாம் கண்டிருக்கின்றோம் அல்லவா? அமிழும் தகடு இடையோட்டைக் கலக்கி அதன் ஒழுக்கையும் திருப்புகின்றது. எனவே இவற்றுள் எது முதற்காரணம் என்று பிரித்துரைத்தல் எளிதன்று.

சுமாத்திராவுக்கு மேற்கே, சுந்தா அகழியில், இந்தியத் தகடு பர்மாச் சிறுதகட்டின் கீழ் இவ்வாறு அமிழ்கின்றது. உராய்வினால் நெடுநாட் பூட்டுண்டு கிடந்த விளிம்பு, அன்று இலங்கை நேரப்படி காலை 6.58 மணிக்கு விடுபட்டது. பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடியது. கடலடி உயர, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் எழுந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அமிழ்ந்த அதே இந்தியத் தகட்டின்மேலேதான் இக்கட்டுரை எழுதப்படும் திருநெல்வேலியும் இருக்கின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நம்மைத் தாங்கும் தரையே நமக்கு இடர் செய்தது. அவ்வமிழ்வோ பல கோடி ஆண்டுகளாக நடைபெறுவது. பாவம் செய்யவல்ல மனிதன் தோன்றுமுன்னரே தொடங்கியது.

இத்தகட்டின் வடவிளிம்பு யூரேசியத் தகட்டோடு மோதுகின்றது. அங்கே 1934 ஜனவரி 15இல் பீகாரையும் நேபாளத்தையும் ஒரு நிலநடுக்கம் அழித்தது. அது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்றார் காந்தியடிகள். தாகூர் அதனை மறுத்தார். அம்மறுப்பைக் காந்தியடிகள் தமது ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு மறுமொழியும் எழுதினார். (கருத்து மாறுபட்டோரை இவ்வாறு மதிக்கும் பண்பு நம்மிடையே அருகிவிட்டது.) தீண்டாமை கொடிது என்பதில் இருவரும் ஒருமனத்தினரே. பௌதிக நிகழ்ச்சிக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்பதும், நம்புதற்கு எளியரான மக்கள் முன் வேறு காரணம் கூறுதல் தகாது என்பதும் தாகூரின் வாதம்.

சாதிக் கொடுமை யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு அயலார் செய்தியன்று. ஆதலின் காந்தியடிகளின் கூற்றிலுள்ள கவர்ச்சியை நான் உணர்கின்றேன். எத்தனை முறை சொல்லியும் கேளாதவர்க்கு நிலமே சொல்லிற்று என்பதில் ஒரு நிறைவு உண்டு. ஆயினும் அதனை ஏற்றல் இயலாது. இடிந்து வீழ்ந்த மனைகளுள் தீண்டத்தகாதார் எனப்பட்டோரின் குடிசைகளும் இருந்திருக்குமே. அவர்கள் எப்பாவத்துக்குத் தண்டிக்கப்பட்டனர்? பேரழிவைத் தண்டனையென்று கூறும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, இறந்தவரைக் குற்றவாளியாக்குகின்றனர். அம்மம்மாவின் தங்கையுடைய பேரக்குழந்தைக்கு அன்று வயது ஒன்று.

எனினும் கல்லுக்குக் கருத்தில்லை என்று கூறியமைவது போதுமா? அது குற்றவுணர்வை நீக்குமேயன்றித் துயரை நீக்காது. துயருற்றவருக்கு முறையிட ஓர் இடம் வேண்டும். இறைவனையும் விலக்கி, கல்லையும் விலக்கிவிட்டால், எஞ்சுவது யார்? 1755இல் லிஸ்பன் நகரம் அழிந்தபோது வோல்தயர் இறைநீதியை ஐயுற்றுப் பாடினார். ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை அங்கு நெருக்கிக் கட்டியது இயற்கையன்று எனச் சுட்டினார். நான் ரூசோவின் பக்கமே சாய்கின்றேன்.

ஏனெனில், தகடு விடுபட்டதற்கும் அலை நம் கிழக்குக் கரையை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. நாலாயிரம் மீற்றர் ஆழமுள்ள கடலில் அத்தகைய அலை மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் விரையும். நாமோ ஏறத்தாழ 1,600 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தோம். ஹவாயிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்துக்குள் நடுக்கத்தைக் கண்டு அறிவித்தல் ஒன்றையும் விடுத்தது. ஆனால் அது பசுபிக் கரைகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய ஏற்பாடு அன்று இல்லை. கடலடியின் அசைவில் அறமில்லை; அந்த இரண்டு மணித்தியாலத்தில் அறம் உண்டு. பின்னர் அவ்வேற்பாடு அமைந்தது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் 8.6 அளவில் நடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை வந்தது; மக்கள் கரையை விட்டு அகன்றனர். அம்முறை பாறை பக்கவாட்டில் நழுவியமையால் பேரலை எழவில்லை. வீண் ஓட்டம் என்று அம்மம்மா சலித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கின்றது.

சென்ற விடுமுறையில் இவையனைத்தையும் அவருக்கு எடுத்துரைத்தேன். தகடு அமிழும் கதையை அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டு மணித்தியாலம் என்றபோது பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

"இரண்டு மணித்தியாலமோ? அவ்வளவு நேரம் கிடந்திருந்தால் என்ரை தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போயிருப்பாளே."

சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்டார். "அந்த ஹவாயிலை இருந்தவைக்கு எங்கடை ஊரின்ரை பேர் தெரியுமோ?"

தெரிந்திருக்க வழியில்லை என்றேன்.